ஒரு க்ரீம், ஒரு மாத்திரை, ஒரு சூப்

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று லேபிள்கள் வந்தன. கடையில் விற்கிற சாமான்களின் அட்டையில் ஆங்கிலத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கொஞ்சம் தமிழ் இருக்கும், பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். அதை எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. யாரும் படிப்பதில்லை என்பதால் யாரும் திட்டுவதும் இல்லை, அந்த வகையில் நிம்மதியான தொழில்.

முதலாவது வெயிலில் சிவந்த தோலுக்குப் பூசும் க்ரீம், அதில் ‘ஸூதிங்’ என்று இருந்தது. இரண்டாவது தொண்டைக் கரகரப்புக்கு வாயில் போட்டுச் சப்பும் மாத்திரை, அதில் ‘ரிலீவிங்’. மூன்றாவது வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்கிற சூப் பொடி, அது ‘சாட்டிஸ்ஃபையிங்’. நான் மூன்றுக்கும் ‘இதமான’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். சருமத்துக்கு இதமான க்ரீம், தொண்டைக்கு இதமான மாத்திரை, வயிற்றுக்கு இதமான சூப். படித்துப் பாருங்கள், எதுவும் உறுத்தாது.

வேலை கொடுத்தவர்களிடம் சரிபார்க்கிற பெண்ணுக்கு உறுத்தியிருக்கிறது. “சார், மூணும் ஒண்ணா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள்தாம்மா, தெசாரஸ் எடுத்துப் பாருங்கள் என்று எழுதினேன். தெசாரஸ் என்றால் பொருள் நெருக்கமுள்ள சொற்களைச் சேர்த்து வைத்த ஆங்கிலப் புத்தகம். அரை மணி நேரத்தில் மறுபடி வந்தது: “தெசாரஸைத்தான் பார்த்தேன் சார். அதுல எதையும் ஒண்ணுன்னு சொல்லல, பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.”

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் தெசாரஸைத் தொகுத்தவரே இந்தப் பெண் பக்கம்தான் நின்றிருப்பார். பீட்டர் மார்க் ரொஜே ஒரு மருத்துவர். 1852-இல் லண்டனில் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் கருத்து வாரியாக அடுக்கினார். நம் நிகண்டுகள் நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்த காரியம்தான், ஆனால் அவர் நிகண்டுக்காரர்களைப் போல மனப்பாடத்துக்காகச் செய்யவில்லை. எழுதுகிறவன் ஒரு கருத்தை வைத்துக்கொண்டு சரியான சொல்லைத் தேடும்போது பக்கத்து வீடுகளையெல்லாம் தட்டிப் பார்க்கட்டும் என்றுதான் செய்தார். சின்ன வயதிலிருந்தே பட்டியல் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். வளர்த்து ஆளாக்கிய மாமா 1818-இல் மனைவி இறந்த துக்கம் தாங்காமல் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார், அப்போது அவரைக் கவனித்துக்கொண்டிருந்த மருத்துவர் ரொஜேதான். ஆறுதலுக்கான சொற்களையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்த மனிதருக்கு அந்த வரிசைப்படுத்தல்தான் ஆறுதலாக இருந்ததோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சரி, என் மூன்று லேபிளுக்கு வருகிறேன். மூன்று நாள் இதிலேயே கிடந்தேன். கூலி என்னவோ மூன்று சொல்லுக்குத்தான்.

முதலில் எனக்குப் பிடிபட்டது இது. இந்தச் சொற்கள் என்ன தருகின்றன என்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், ஏதோ நல்லது நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் உடனே பிரிந்துவிடுகின்றன. ஸூத் செய்ய வேண்டுமென்றால் முதலில் அங்கே ஒரு எரிச்சலோ அழுகையோ படபடப்போ இருக்க வேண்டும், அதாவது ஏதோ ஒன்று கொந்தளித்துக்கொண்டிருக்க வேண்டும். ரிலீவ் செய்ய ஒரு சுமை இருக்க வேண்டும். சாட்டிஸ்ஃபை செய்ய ஒரு குறை, ஒரு காலி இடம். சூப் குடிக்கிறவனுக்கு எரிச்சலும் இல்லை, பாரமும் இல்லை, பசிதான் இருக்கிறது. அவனிடம் போய் ‘இதமான’ என்றால் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஸூத் என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது அந்த ‘ஸ’வைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் போட வேண்டும், ஏன் என்று சொல்ல மாட்டேன். அதன் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸூத்’ என்றால் உண்மை. குறி சொல்கிறவனை ‘ஸூத்சேயர்’ என்கிறார்களே, உண்மை உரைப்பவன் என்றுதான் அதற்குப் பொருள். சமஸ்கிருதத்தின் சத்தியமும் இதுவும் ஒரே மூதாதைக்குப் பிறந்த பங்காளிகள். அப்படியானால் வினைச்சொல்லாக வரும்போது முதல் பொருள் ‘உண்மை என்று நிரூபிப்பது’. அதிலிருந்து தோலுக்குக் க்ரீம் பூசுவதற்கு எப்படி வந்து சேர்ந்தது? நடுவில் ஒரு படி இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஒருவரை ஸூத் செய்வதென்றால் அவர் எதைச் சொன்னாலும் ‘உண்மைதான், உண்மைதான்’ என்று தலையாட்டுவது. நம் ஊரில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது, ஆமாம் சாமி போடுவது. ஆமாம் சாமி போட்டால் பெரிய மனிதரின் மனம் குளிரும், கோபம் இறங்கும். அந்த இறங்குதல்தான் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சொல்லின் முழுப் பொருளாகவே ஆகிவிட்டது. உண்மையில் தொடங்கி, முகஸ்துதி வழியாக வந்து, அமைதியில் முடிந்த சொல்.

அந்த முகஸ்துதி வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஸூதிங்கான குரல், ஸூதிங்கான இசை என்றால் அது எதையும் சரிசெய்வதாக வாக்குக் கொடுப்பதில்லை. குழந்தை பசியில் அழுதாலும் தட்டிக் கொடுத்தால் கொஞ்ச நேரம் அடங்கும், பசி அப்படியேதான் இருக்கும். கனடாவில் குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் காம்புக்கு ‘ஸூதர்’ என்றே பெயர். அதில் பால் வராது.

இதற்கு ஒரு பயங்கரமான உதாரணமும் உண்டு. 1849-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாங்கோர் என்ற ஊரிலிருந்து ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் ஸூதிங் சிரப்’ என்று ஒரு மருந்து சந்தைக்கு வந்தது. பல் முளைக்கிற குழந்தைகளின் அழுகையை நிறுத்த. நின்றது, ஏனென்றால் அதில் இருந்தது மார்ஃபினும் ஆல்கஹாலும். சில குழந்தைகள் தூங்கி எழுந்திருக்கவே இல்லை. 1906-இல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்து இப்படிப்பட்ட சரக்கு உள்ளே இருந்தால் லேபிளில் எழுதியாக வேண்டும் என்று ஆனது, 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தச் சிரப்பைக் குழந்தைக் கொல்லிகள் என்ற தலைப்பின் கீழ் வெளியிட்டது. அந்த லேபிளில் இருந்த ‘ஸூதிங்’ என்ற சொல் பொய் சொல்லவில்லை என்பதை யோசித்தால்தான் எனக்கு என்னவோ செய்கிறது. குழந்தை அடங்கியது. அந்தச் சொல்லின் பொறுப்பு அவ்வளவுதான்.

அதனால்தான் லேபிள் வேலையில் இந்த வித்தியாசத்துக்குச் சட்டமும் உள்ளே வருகிறது. நம் நாட்டில் 1954-இல் வந்த ஒரு சட்டம், மருந்துகளும் மந்திர சிகிச்சைகளும் பற்றியது, சர்க்கரை நோய், புற்றுநோய் என்று ஒரு பட்டியலே போட்டு இவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. குணமாக்கும், தீர்க்கும், குறைக்கும், இதம் தரும் என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. கீழே இறங்க இறங்க வக்கீலுக்கு நிம்மதி, மேலே ஏற ஏற விளம்பரக்காரருக்குச் சந்தோஷம். நான் நடுவில் நிற்கிறேன்.

ரிலீவ் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனி அனுபவம் உண்டு. ஐடி கம்பெனியிலோ வங்கியிலோ வேலையை விட்டவர்களைக் கேட்டால் ‘ரிலீவிங் ஆர்டர்’ என்ற காகிதத்தின் அருமை தெரியும். அது இல்லாவிட்டால் அடுத்த கம்பெனி உள்ளே விடாது. நானும் ஒரு காலத்தில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம், நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் இழுத்தடித்துக் கடைசியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ‘உங்களைப் பணியிலிருந்து ரிலீவ் செய்கிறோம்’ என்று இருந்தது. லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் இலேசானது, ‘ரெலெவாரே’ என்றால் தூக்கி இலேசாக்குவது. நெம்புகோலுக்கு ஆங்கிலத்தில் லீவர் என்கிறார்களே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அப்படியென்றால் என் தோளிலிருந்த பாரத்தைக் கம்பெனி இறக்கி வைக்கிறது என்றுதான் அந்தக் கடிதத்துக்குப் பொருள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் பாரம் யாருடையது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்று வழிகாட்டிகள் ‘பாஸ் ரிலீஃப்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே சொல்தான். பாறையின் முகத்திலிருந்து யானை எழும்பி, தூக்கலாக நிற்கிறது, அதுதான் ரிலீஃப், நம் மொழியில் புடைப்புச் சிற்பம். படைகள் முற்றுகையிட்ட ஊரை மீட்பதும் ரிலீஃப்தான். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை இருந்த மாஃபெகிங் என்ற ஊர் 217 நாள் முற்றுகைக்குப் பிறகு 1900 மே மாதம் மீண்டபோது லண்டன் தெருக்களில் ஜனங்கள் போட்ட ஆட்டத்தில், கட்டுமீறிக் கொண்டாடுவதற்கு ‘மாஃபிக்’ என்று ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது. வெள்ளத்தில் மூழ்கிய ஊருக்கு அரசு கொடுப்பதும் ரிலீஃப், வருமான வரியில் கழிவு கிடைப்பதும் ரிலீஃப், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்தவன் நிறுத்தத்தில் இறங்கி ஓடுவதும் அதுதான். பிக்பாக்கெட் அடித்துவிட்டால்கூட ஆங்கிலத்தில் குறும்பாகச் சொல்வார்கள், அவரைப் பர்ஸின் பாரத்திலிருந்து ரிலீவ் செய்துவிட்டான் என்று.

தமிழில் இவ்வளவையும் ஒரே சொல் தாங்காது. வெள்ளத்துக்கும் வலிக்கும் நிவாரணம், வரிக்குச் சலுகை, பயம் நீங்கினால் நிம்மதி, காணாமல் போன பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது என்று போன் வந்தால் ‘வயிற்றில் பால் வார்த்தீங்க’. இந்தக் கடைசிச் சொற்றொடருக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்றுமே இல்லை என்று ஒரு ஓரமாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை, நான் பலமுறை சறுக்கிய இடம் என்பதால் சொல்கிறேன். நம் ஆட்கள் ‘இட் வாஸ் வெரி ரிலீவிங்’ என்று எழுதுவார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை, ‘இட் வாஸ் எ ரிலீஃப்’ என்றுதான் சொல்வார்கள். ரிலீவிங் தனியாக நிற்காது, வலி போன்ற ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும், பெயின் ரிலீவிங் என்கிற மாதிரி. ஸூதிங் அப்படியில்லை, தனியாகவே நடக்கும்.

சாட்டிஸ்ஃபை ரொம்ப நேர்மையான சொல். ‘சாடிஸ்’ என்றால் போதும், ‘ஃபாசெரே’ என்றால் செய்வது. போதுமென்று சொல்ல வைப்பது. ஆனால் ஆங்கிலத்துக்குள் அது நுழைந்தது சாப்பாட்டு வழியாக அல்ல, கடன் வழியாக. கடனைக் கட்டி முடிப்பதும் செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்வதும்தான் பழைய பொருள். சொத்துக்கு அஸெட் என்கிறோமே, அதற்குள்ளும் இந்தச் ‘சாடிஸ்’ ஒளிந்திருக்கிறது, கடனை அடைக்கப் போதுமான அளவு சொத்து என்று. மானம் போய்விட்டது என்று கத்திச் சண்டைக்குக் கூப்பிடுகிற பழைய ஐரோப்பியப் பிரபு ‘எனக்கு சாட்டிஸ்ஃபாக்‌ஷன் வேண்டும்’ என்பான், அவனுக்குக் கடன் பாக்கி ரத்தம். இந்தக் கணக்குத் தீர்க்கிற குணம் இன்னும் போகவில்லை. நீதிபதி ‘சாட்டிஸ்ஃபைடு’ என்றால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை, நிரூபணம் போதும் என்று அர்த்தம். பள்ளிக்கூடக் கணக்கில் எக்ஸ் இரண்டு என்றால் சமன்பாடு சாட்டிஸ்ஃபை ஆகிறது, சமன்பாட்டுக்கு அதில் ஒரு மகிழ்ச்சியும் கிடையாது.

இதே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று குணம். சாட்டிஸ்ஃபைடு என்பது ஆள், சாட்டிஸ்ஃபையிங் என்பது அனுபவம், சாட்டிஸ்ஃபாக்டரி என்பது மதிப்பெண் அட்டை. என் ஆறாம் வகுப்பு அட்டையில் கடைசிக் கட்டத்தில் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டார், அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஒன்றை சாட்டிஸ்ஃபாக்டரி என்று சொல்வது, பரவாயில்லை, தள்ளுபடி செய்யும் அளவுக்கு மோசமில்லை என்று சொல்வது. ஆனால் சாட்டிஸ்ஃபையிங் என்றால் கதையே வேறு. நல்ல பேனாவின் மூடி டிக்கென்று மூடுவது, அப்பளம் நொறுங்குவது, பபிள் ராப் குமிழிகளை ஒவ்வொன்றாக உடைப்பது, ஒரு வழக்கைப் பற்றிய தொடரில் கடைசி முடிச்சு அவிழ்வது. எதற்காகவோ காத்திருந்து அது சரியாக அந்த இடத்தில் வந்து உட்காரும்போது கிடைக்கிற சுகம். கோபத்தில் இரண்டு மொழியும் ஒன்றாகவே பேசுகின்றன என்பதையும் கவனித்தேன். ‘ஆர் யூ சாட்டிஸ்ஃபைடு நௌ?’ என்றால் ‘இப்போ திருப்தியா உனக்கு?’ என்பதுதான், இரண்டிலும் யாரும் திருப்தியாக இருப்பதில்லை.

போதும் என்ற எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆங்கிலத்தில் சொற்கள் இருக்கின்றன. துக்கத்தைக் குறிக்கிற ‘ஸாட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வயிறு நிறைந்தவன் என்றுதான் பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றும் சாப்பிட்டு முடித்து ‘ஸாட்’ என்பார்கள், போதும், நிறைந்துவிட்டது என்று. ஆங்கிலத்தில் மட்டும் நிறைந்தவன் சலித்தவன் ஆனான், சலித்தவன் கனத்துப் போனான், கனத்தவன் சோகமானான். கல்யாண வீட்டில் மூன்றாவது முறை பாயசம் வாங்கியவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்தால் இந்தச் சொல் வரலாறு முழுவதும் புரிந்துவிடும். திகட்டலுக்கு ‘க்ளாய்’ என்று ஒரு சொல், அது குதிரைக் குளம்பில் ஆணி தவறாக இறங்கி நடக்க முடியாமல் போவதிலிருந்து வந்தது. இனிப்பில் மாட்டிக்கொண்டு நகர முடியாத நிலை. நம் திகட்டல் தொண்டையில் இருக்கிறது, அவர்கள் திகட்டல் காலில்.

மற்ற சொற்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் இது அகராதி ஆகிவிடும். ஆனால் ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஊர்க் கடை மாதிரி நிரந்தர வாடிக்கை உண்டு, அந்த வாடிக்கையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தணிப்பது என்று பொருள்படும் ‘அல்லே’ என்ற கடைக்குப் பயமும் சந்தேகமும் வரும். ‘அலீவியேட்’டுக்கு வறுமையும் நீண்ட நாள் துன்பமும், அதுவும் லெவிஸ் குடும்பம்தான், பாரத்தை இலேசாக்குவது, இறக்கிவிடுவதாகச் சொல்லவில்லை. கடுமையைக் குறைக்கிற ‘மிட்டிகேட்’டுக்குக் கோர்ட்டும் பருவநிலை மாநாடும். ‘மாலிஃபை’யும் ‘பிளகேட்’டும் கோபக்காரர்களுக்காகத் திறந்து வைத்த கடைகள், தோலுக்கோ தொண்டைக்கோ அங்கே சரக்கு கிடையாது. ‘அசுவேஜ்’ஜின் உள்ளே இனிமை என்ற லத்தீன் சொல் இருக்கிறது, ஆனால் அதன் பெரிய வாடிக்கையாளர் குற்ற உணர்ச்சி. ஊருக்குப் போக முடியாத மகன் அம்மாவுக்குப் பெரிய டிவி வாங்கி அனுப்புகிறானே, அது அசுவேஜ்.

‘கிராட்டிஃபை’ பாவம், நம் நாட்டுச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. 1988 ஊழல் தடுப்புச் சட்டம் லஞ்சத்தைச் சொல்லப் பயன்படுத்திய சொல் ‘கிராட்டிஃபிகேஷன்’. 2018-இல் திருத்தம் வந்து முன்னால் வேறு சொல் போட்டார்கள், அதற்கான விளக்கத்தில் இது இன்னும் ஒளிந்திருக்கிறது. மனமகிழ்ச்சி என்று பொருள்படும் சொல் மேசைக்கு அடியில் கை நீட்டிக்கொண்டு இத்தனை வருடமாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

‘அப்பீஸ்’ஸுக்கு நேர்ந்தது அதைவிட மோசம். உள்ளே இருப்பது அமைதிதான், லத்தீன் ‘பாக்ஸ்’. ஒரு காலத்தில் மரியாதையான சொல். 1938 செப்டம்பர் 30 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கிலிருந்து ஒப்பந்தக் காகிதத்தோடு திரும்பி வந்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு துண்டை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்துப் பெற்ற அமைதி. அடுத்த மார்ச்சில் ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது, செப்டம்பரில் உலகப் போர். அதோடு அந்தச் சொல்லின் கதை முடிந்தது, இன்று ஒருவரை அப்பீஸ் செய்கிறாய் என்றால் தாஜா பண்ணுகிறாய் என்றுதான் பொருள். இதே அமைதிக் குடும்பத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரு பிள்ளை இருக்கிறது, ‘பே’. பணம் கொடுப்பது. கடன் கொடுத்தவனை அமைதிப்படுத்துவதற்கு லத்தீனில் ‘பாகாரே’ என்றார்கள், அமைதிப்படுத்த ஒரே வழி காசைக் கையில் வைப்பதுதான் என்பதால் சொல் காசிலேயே போய் நின்றுவிட்டது.

‘பாலியேட்’ பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்துகிற அங்கி. நோயை எடுக்க முடியாது, போர்த்திவிடலாம். பல காலம் அது ஏளனமான சொல்லாகத்தான் இருந்தது, மேல்பூச்சு வேலை, ஒப்பேற்றல் என்கிற மாதிரி. 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கி, இனிக் குணமாகாது என்று ஆனவர்களின் வலியை ஒரு முழு மருத்துவத் துறையின் வேலையாக ஆக்கிக் காட்டினார். அங்கே கற்றுக்கொண்டு போன பால்ஃபர் மவுன்ட் என்ற கனடா மருத்துவர் 1970-களின் நடுவில் மான்ட்ரியலில் அதேபோல ஒரு வார்டு தொடங்கும்போது பிரெஞ்சு பேசுகிற ஊரில் ‘ஹாஸ்பிஸ்’ என்றால் ஆதரவற்றோர் விடுதி மாதிரி ஒலிக்கும் என்று வேறு பெயர் தேடி, ‘பாலியேட்டிவ் கேர்’ என்று வைத்தார். போர்வை என்ற அந்தப் பழைய பொருள் திரும்பவும் மரியாதை பெற்றது. என் பெரியம்மாவின் கடைசி இரண்டு மாதம் அப்படிப்பட்ட ஒரு கவனிப்பில்தான் போனது. டாக்டர் வாசலில் வைத்து என்னிடம் சொன்னார், “நோயை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது தம்பி, ஆனா வலிக்காம பார்த்துக்கலாம்.” வீட்டுக்குள் போனால் பெரியம்மா காலில் போர்வையை இழுத்து விடச் சொன்னார். இதை எழுதும்போதுதான் இரண்டும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வருகிறது.

‘கம்ஃபர்ட்’டை இன்று சோபாவுக்கும் துணி மென்மையாக்கும் திரவத்துக்கும் கொடுத்துவிட்டார்கள், உள்ளே இருப்பதோ ‘ஃபோர்டிஸ்’, பலம். கோட்டைக்குச் சொல்கிற ஃபோர்ட்டும் அதுதான். பலமூட்டுவதுதான் ஆறுதல் என்று நினைத்திருக்கிறார்கள். 23-ஆம் சங்கீதத்தில் ஆங்கிலத்தில் ‘கம்ஃபர்ட்’ என்று வருகிற இடத்தில் தமிழ் பைபிள் “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்கிறது. தடி எப்படி இதமாகும் என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். மேய்ப்பன் கையில் இருக்கிற தடி ஓநாய்க்கு, ஆட்டுக்குத் தெம்பு. மொழிபெயர்த்தவர் ‘இதம் தரும்’ என்று போடாமல் ‘தேற்றும்’ என்று போட்டாரே, அங்கேதான் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். தேறு என்றால் தெளிவது, உடம்பு தேறுவது, பரீட்சையில் தேறுவது. கலங்கிய கிணற்றுத் தண்ணீர் உள்ள குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி வைத்தால் சேறு அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளியும். கலங்கினவரைத் தேற்றுவது என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான். சேறு எங்கேயும் போகாது, கீழே போய்விடும்.

இந்த மூன்று நாளில் தமிழ்ப் பக்கம் நான் கவனித்தது ஒன்று உண்டு. நமக்கு எல்லா நிம்மதியும் சூடு இறங்குவதாகத்தான் இருக்கிறது. காபி ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, களைப்பாறுகிறோம், மலேசியத் தமிழர்கள் காலையில் பசியாறுகிறார்கள். போட்டியில் தோற்ற பிள்ளைக்குக் கொடுப்பதும் ஆறுதல் பரிசு. தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது, முருகன் கோபம் தணிந்த இடம் என்று ஒரு ஊரே இருக்கிறது. நல்லது நடந்தால் மனம் குளிர்கிறது. ஆங்கிலேயனுக்கு நேர்மாறு, நல்லது நடந்தால் அவன் இதயம் சூடாகிறது, உதவாத ஆறுதலுக்கு அவன் வைத்த பெயர் ‘கோல்டு கம்ஃபர்ட்’. குளிர் நாட்டில் கணப்பும் வெயில் நாட்டில் நிழலும்தான் சுகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் ஒரு இடத்தில் அவர்களும் நம்மிடம் வந்து மாட்டுகிறார்கள். அமைதியைக் குறிக்கிற ‘காம்’ என்ற சொல் பெரும்பாலும் கிரேக்கத்தில் கொளுத்தும் வெப்பத்தைக் குறிக்கிற ‘கௌமா’விலிருந்து வந்தது என்கிறார்கள். மத்தியதரைக் கடல் ஊர்களில் உச்சி வெயிலில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள், தெருவே அடங்கிக் கிடக்கும், அந்த அடக்கம்தான் அமைதி. மே மாத மதியம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் யோசித்துவிட்டுக் க்ரீமுக்கு ‘எரிச்சலைத் தணித்து இதம் தரும்’ என்று எழுதினேன். மாத்திரைக்கு ‘தொண்டைக் கரகரப்பைப் போக்கும்’. சூப்புக்குத்தான் திண்டாட்டம். ‘திருப்தியான’ என்றால் ஓட்டல் போர்டு மாதிரி இருந்தது, ‘நிறைவான’ என்றால் ஓய்வு பெறும் விழா மாதிரி. கடைசியில் ‘வயிறு திம்மென்று இருக்கும்’ என்று எழுதி, சரிபார்க்கிற பெண்ணுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பினேன். “சார், சூப் சூப்பர், ஆனா மேல ஒத்துக்க மாட்டாங்க” என்று பதில் வந்தது.

ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம் பக்கத்துத் தெரு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் மூன்றையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன், கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி கேட்க வேண்டியதாகிவிட்டது. க்ரீமில் என் வரி அப்படியே இருந்தது. மாத்திரையில் வக்கீல் புகுந்து ‘போக்கும்’ என்பதைக் ‘குறைக்க உதவும்’ என்று இரண்டு படி இறக்கியிருந்தார். சூப் பொட்டலத்தில் தமிழ் எழுத்தில் ‘சாட்டிஸ்ஃபையிங் சூப்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

பில் அனுப்பி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. லத்தீன் கணக்குப்படி பார்த்தால் என்னை அவர்கள் இன்னும் அமைதிப்படுத்தவில்லை.